தவறு செய்ய யாருக்கு வசதி? ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை முதன்முறை வாசிப்பவர்களுக்கு

ஆங்கில நாவல் வாசித்துப் பழக வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் எஸ். இ. ஹிண்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’. 12 அத்தியாயங்கள்தான். 14 வயதுப் பையன் ஒருவன் தன் வாயால் சொல்லிக்கொண்டு போகிற கதை. அகராதியைப் புரட்ட வேண்டிய இடங்கள் குறைவு. ஊரின் ஒரு பக்கத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள், மறுபக்கத்தில் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகள், நடுவில் தீராத பகை. விறுவிறுப்புக்கும் பஞ்சமில்லை.

சிக்கல் படித்து முடித்த பிறகுதான் வருகிறது. ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று யாராவது கேட்டால், நட்பு பெரிது, குடும்பம் பெரிது, பணக்காரனுக்கும் கவலை உண்டு, சண்டையால் லாபமில்லை என்று நான்கு வரியில் முடித்துவிடுகிறோம். இவை பொய் என்று சொல்ல மாட்டேன். இவற்றுக்காக ஒரு நாவல் எழுத வேண்டியதில்லை, அவ்வளவுதான். இந்தக் கதை முதலிலிருந்து கடைசிவரை வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டே போகிறது: ஒரே மாதிரித் தவறை இரண்டு பேர் செய்தால், யாருக்கு எவ்வளவு செலவாகிறது? அந்தக் கணக்கைக் கைவிடாமல் வாசிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். முடிவு வரை பேசப்போகிறேன். திருப்பம் தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

1. திறப்பதற்கு முன்: எழுதியவரின் வயது

ஹிண்டன் 1948-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் பிறந்தவர். அங்குள்ள வில் ரோஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 15 வயதில் இதை எழுதத் தொடங்கினார். சினிமா பார்த்துவிட்டு நடந்து வீடு திரும்பிய நண்பன் ஒருவனைச் சிலர் சும்மா அடித்துப்போட்ட கோபத்தில் பிறந்த கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1967-இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டது. பையன்களின் அடிதடிக் கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் எளிதாக ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், சூசன் எலோயிஸ் என்ற பெயர் அட்டையில் இரண்டு எழுத்தாகச் சுருங்கியது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்தப் புத்தகத்தில் அழுகை அதிகம். சூரியன் மறைவதைப் பார்த்து உருகுவார்கள், நினைத்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ‘என்ன இது, ரொம்ப மிகையாக இருக்கிறதே’ என்று நீங்கள் முகம் சுளிக்கும் பக்கங்கள் வரும். 16 வயதில் உலகம் அந்த அளவில்தான் தெரியும். பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய ‘இளைஞர் நாவல்’ இல்லை இது. அந்த வயதுக்காரி எழுதியது. கதைக்குள் பெரியவர்கள் அநேகமாகக் கிடையாது என்பதையும் கவனியுங்கள். இருக்கிற ஓரிரு பெற்றோரும் அடிக்கிறார்கள், அல்லது கண்டுகொள்வதில்லை.

2. ஒரு தாளில் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள்

முதல் அத்தியாயத்திலேயே ஏழெட்டுப் பெயர்கள் வந்து விழும். குழம்பிப்போய் மூடிவைப்பவர்கள் இங்கேதான் மூடிவைக்கிறார்கள். பெயரோடு வயதையும், பிழைப்புக்கு என்ன செய்கிறான் என்பதையும் எழுதுங்கள், பிறகு உதவும்.

கதை சொல்பவன் போனிபாய் கர்ட்டிஸ், 14 வயது, படிப்பில் கெட்டிக்காரன். அண்ணன் சோடாபாப், இன்னும் 17 ஆகவில்லை, பள்ளியை விட்டுவிட்டுப் பெட்ரோல் பங்க்கில் வேலை. மூத்தவன் டாரி, 20 வயது, கூரை வேலை. எட்டு மாதத்துக்கு முன் அம்மாவும் அப்பாவும் கார் விபத்தில் போய்விட்டார்கள். மூவரும் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றாக வாழலாம். ஏதாவது வம்பில் மாட்டினால் இளையவர்கள் இருவரையும் அரசு சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடும். இந்த ஒரு நிபந்தனையின் அடியில் சிவப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர்கள்: வீட்டில் அடிவாங்கியே வளர்ந்த 16 வயது ஜானி, 10 வயதிலேயே போலீஸ் கைதுசெய்த டாலி, எதற்கும் ஜோக் அடிக்கும் டூ-பிட், கார் பைத்தியம் ஸ்டீவ். தலையில் எண்ணெய் தடவி முடி வளர்த்த இந்தக் கிழக்குப் பக்கத்துப் பையன்களுக்குக் கிரீசர்கள் என்று பெயர். எதிர்ப்பக்கம் மேற்கு, அங்கிருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சோஷ்கள். அவர்களில் பாப், ரேண்டி, பாபின் தோழி செர்ரி என்ற மூன்று பெயர்கள் போதும்.

3. உடையையும் முடியையும் அடிக்கோடிடுங்கள்

இந்த நாவலில் யாரும் ‘வர்க்கம்’ என்று வகுப்பெடுப்பதில்லை. எல்லாம் சட்டையில், காரில், விரலில் போட்டிருக்கும் மோதிரத்தில் இருக்கிறது. ஜானியைச் சோஷ்கள் முன்பொரு முறை அடித்துப்போட்டபோது முகத்தைக் கிழித்தது வெறும் கை இல்லை, மோதிரங்கள் போட்ட கை. அந்த மோதிரங்கள் பிறகு மறுபடி கண்ணில் படும்போது ஜானியின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

தமிழ் வாசகருக்கென்றே ஒரு தகவல் இதில் ஒளிந்திருக்கிறது. சோஷ்களின் சீருடை மாதிரி வரும் சட்டை எது தெரியுமா? மெட்ராஸ் சட்டை. ஆமாம், நம் மெட்ராஸ்தான். நம்மூர் உழைப்பாளிகள் லுங்கியாகக் கட்டிய கட்டம்போட்ட கைத்தறி, 1960-களில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் அந்தஸ்தின் அடையாளமாகியிருந்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் போவதையே அதன் பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். முதல் அத்தியாயத்தில் போனிபாயை மடக்கும் கூட்டத்தில் ஒருவன் நீல மெட்ராஸ் சட்டை போட்டிருக்கிறான். அவர்கள் சூழ்ந்து நிற்கும் அந்தப் பயத்திலும் அந்தச் சட்டையின் நிறம் பையனின் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இதை ஐந்தாம் அத்தியாயத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஒரு சண்டையில் ஜானி பாபைக் கொன்றுவிட, அவனும் போனிபாயும் பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்க ஜானி கத்தியால் போனிபாயின் முடியை வெட்டி, பெராக்சைடு போட்டு வெளுக்கிறான். உயிர் பிழைப்பதே கேள்வியாக இருக்கும்போது இவன் முடிக்காகக் கலங்குகிறானே என்று முதலில் சிரிப்பு வரும். அவன் சொல்லும் காரணம் இது: நல்ல காரோ மெட்ராஸ் சட்டையோ எங்களுக்கு வாய்க்காது, முடியாவது இருந்ததே. காசில்லாமல் வளர்க்க முடிந்த ஒரே சொத்து அது.

4. இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களில் நிதானம்

டிரைவ்-இன் தியேட்டரில் செர்ரியும் போனிபாயும் பேசத் தொடங்குகிறார்கள். எங்களுக்கும் எங்கள் கஷ்டம் உண்டு, எல்லாப் பக்கமும் சிரமம்தான் என்கிறாள் செர்ரி. பிறகு சூரிய அஸ்தமனப் பேச்சு வருகிறது. அவள் வீட்டு முற்றத்திலிருந்து பார்ப்பதும் இவன் வீட்டுப் பின்படிக்கட்டிலிருந்து பார்ப்பதும் ஒரே சூரியன்தான் என்று இவனுக்குத் தோன்றுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கோடு போடும் இடம் இதுதான்.

போடுங்கள். ஆனால் அதோடு நிற்காமல், அதே மாலையில் விடைபெறும்போது செர்ரி சொல்லும் இன்னொன்றையும் பாருங்கள். நாளைக்குப் பள்ளி வராந்தாவில் உன்னைப் பார்த்து நான் பேசாமல் போனால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்கிறாள். சூரியன் பொது, வராந்தா பொது இல்லை. செர்ரி கெட்டவள் இல்லை, நேர்மையாகத்தான் முன்கூட்டியே சொல்கிறாள். மனத்தில் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாலு பேர் பார்க்கும் இடத்தில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை வேறு ஏதோ தீர்மானிக்கிறது. அந்த ‘வேறு ஏதோ’தான் நாவலின் பொருள். என்னைக் கேட்டால், அஸ்தமனத்தைவிட இந்த வரிக்குத்தான் இரட்டைக் கோடு போட வேண்டும்.

5. கணக்கு நோட்டைத் திறங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு தாளை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கிரீசர், வலப்பக்கம் சோஷ். யார் என்ன தப்பு செய்தார்கள், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று அத்தியாயம் போகப் போக எழுதி வாருங்கள்.

போனிபாய் ஒரு ராத்திரி வீட்டுக்குத் தாமதமாக வருகிறான். நம் வீடுகளில் திட்டோடு முடியும். இங்கே டாரிக்கு ரத்தம் கொதிக்கிறது; கை நீள்கிறது; பையன் ஓடுகிறான். டாரிக்கு ஏன் அவ்வளவு பதற்றம்? மேலே சிவப்புக் கோடு போட்ட நிபந்தனைதான். தம்பி காணாமல் போனான் என்று போலீசுக்குப் போனால், தம்பியையே இழக்க நேரும்.

அதே ராத்திரி பூங்காவில் குடிபோதையில் பாபும் அவன் கூட்டமும் ஐந்து பேராக வந்து, போனிபாயின் தலையை நீரூற்றுத் தொட்டிக்குள் அழுத்துகிறார்கள். ஜானி கத்தியை எடுக்கிறான். பாப் செத்துப்போகிறான். பிறகு ஊர் முழுக்கத் தேடப்படுவது ஜானியும் போனிபாயும். ஒரு பையனைத் தண்ணீரில் முக்கிக் கொல்லப்பார்த்தவர்கள் மேல் வழக்கு என்ற பேச்சே கதையில் எழுவதில்லை.

பாபின் கணக்கையும் நேர்மையாக எழுத வேண்டும். அவனைப் பற்றி ரேண்டி பின்னால் சொல்வது: அவன் வீட்டில் யாரும் அவனிடம் ‘கூடாது’ என்று சொன்னதே இல்லை. ஒருமுறை முட்டக் குடித்துவிட்டு வந்தபோதும், எங்கே நாங்கள் தவறினோம் என்று பெற்றோர் தங்களையே நொந்துகொண்டார்களாம். ஒரே ஒரு தடவை அவன் அப்பா ஓங்கி ஒரு அடி போட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பானோ என்று ரேண்டி தவிக்கிறான். வசதி அவனுக்குக் கொடுத்தது எல்லையில்லாத மன்னிப்பு, அதற்கும் கடைசியில் விலை உயிர்தான். ஆகவே வலப்பக்கம் காலி இல்லை. இரண்டு பக்கமும் சமம் என்று முடிக்கவும் முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு 11-ஆம் அத்தியாயத்தில் ஒரு சின்ன இடம். விசாரணைக்கு முன் ரேண்டி, உடம்புக்கு முடியாமல் கிடக்கும் போனிபாயைப் பார்க்க வருகிறான். உண்மையைச் சொல்லிவிட்டால் யாருக்கும் ஒரு பாதிப்பும் வராது என்று தன் அப்பா சொன்னதாகச் சொல்கிறான். அப்பாவுக்குத் தலைகுனிவு ஏற்படுத்திவிட்டோமே என்று வருந்துகிறான். அவன் வருத்தத்தில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் பாப், ஜானி, டாலி மூவரும் செத்தாயிற்று. போனிபாயைச் சகோதரர்களிடமிருந்து பிரிக்கலாமா வேண்டாமா என்று நீதிபதி முடிவுசெய்யப் போகிறார். பாதிக்கப்பட்டவன் இவனா என்று போனிபாய் அவனை வெறித்துப் பார்க்கிறான். ஒரே நீதிமன்றம்தான்; ஒருவனுக்கு அது உண்மையைச் சொல்லிவிட்டு வரும் இடம், இன்னொருவனுக்கு வீடு பறிபோகக்கூடிய இடம். கடைசியில் நீதிபதி போனிபாயை விடுவிக்கிறார். அந்த நல்ல முடிவு, அவனுக்கு இருந்த ஆபத்தை நமக்கு மறக்கடித்துவிடக் கூடாது.

6. டாரியை மறுபடி வாசியுங்கள்

முதல் வாசிப்பில் டாரி சிடுமூஞ்சி. கதை சொல்பவனுக்கு அவனைப் பிடிக்காததால் நமக்கும் பிடிக்காது. இது 14 வயதுக் கண் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, டாரி வரும் பக்கங்களை மட்டும் இரண்டாம் முறை புரட்டுங்கள். பள்ளிக் கால்பந்து அணியின் கேப்டன். விளையாட்டு உதவித்தொகை கிடைத்தும் மிச்சச் செலவுக்குப் பணம் இல்லாமல் கல்லூரிக்குப் போகாதவன். இப்போது இரண்டு வேலை பார்க்கிறான்.

ஒன்பதாம் அத்தியாயத்தின் கைகலப்பில், ஆயுதமில்லாமல் இரண்டு கும்பலும் திடலில் கூடுகின்றன. முதல் ஆளாக டாரி முன்னால் வந்து நிற்கிறான். எதிரே யார் வருகிறார் என்றால் பால் ஹோல்டன். டாரியின் அணியில் ஆடியவன், பழைய கூட்டாளி. இப்போது கல்லூரியில் படிக்கிறான். பெயர் சொல்லி இருவரும் விசாரித்துக்கொள்கிறார்கள், அப்புறம் சுற்றிவருகிறார்கள். டாரியின் முகத்தில் பொறாமையும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது என்பது போனிபாய்க்கும் சோடாவுக்கும் மட்டும் தெரிகிறது. எதற்கு வெட்கம்? இந்தப் பக்கம் நிற்பதற்கு. சொந்தத் தம்பிகளோடு நிற்பதற்கும்கூட. இதை எழுத 16 வயதில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இரண்டு வருடத்துக்கு முன் ஒரே நிறச் சட்டை போட்டு ஆடியவர்கள். நடுவில் ஒரு கல்லூரிக் கட்டணம் வந்து நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். வர்க்கப் பகையைப் பற்றி நாவலில் இதைவிடச் சுருக்கமான இடம் இல்லை. அடிதடியின் வேகத்தில் நிறையப் பேர் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

அந்தச் சண்டையில் கிரீசர்கள் ஜெயிக்கிறார்கள். ரேண்டி முன்னமே சொல்லியிருந்தான், நீங்கள் ஜெயித்தாலும் ஒன்றும் மாறாது, நீங்கள் கீழேதான் இருப்பீர்கள், நாங்கள் மேலேதான் என்று. அப்படியே ஆகிறது.

7. கவிதையும் கடிதமும்

தேவாலயத்தில் விடியலைப் பார்த்தபடி போனிபாய் சொல்லும் கவிதை ராபர்ட் ஃப்ராஸ்ட் 1923-இல் வெளியிட்டது, எட்டே வரி. இயற்கையின் முதல் பசுமை பொன்னிறம், அது நிற்பதில்லை என்பது சாரம். பொருள் முழுக்கப் புரியவில்லை என்கிறான் போனிபாய். நீங்களும் அப்போதே புரிந்துகொள்ள மெனக்கெட வேண்டாம். தீப்பிடித்த தேவாலயத்திலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றப்போய் முதுகு ஒடிந்து இறக்கும் ஜானி, சாகும் நேரத்திலும், விட்டுச்சென்ற கடிதத்திலும் அதற்கு உரை எழுதிவிட்டுப் போகிறான்: அஸ்தமனத்தைப் பார்த்து நிற்கத் தெரிந்த அந்த மனசு இருக்கிறதே, அதுதான் பொன், அதை விட்டுவிடாதே.

அந்தக் கடிதத்தில், டாலிக்கும் ஒரு அஸ்தமனத்தைக் காட்டு என்று ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கடிதம் கைக்கு வரும்போது டாலி இல்லை. ஜானி செத்த வெறியில் கடையைக் கொள்ளையடித்து, குண்டில்லாத துப்பாக்கியைப் போலீசை நோக்கி நீட்டி, தெருவிளக்கடியில் சுடப்பட்டு விழுந்தாயிற்று. கல்லாகிவிட்டால் வலிக்காது என்பதுதான் டாலியின் வாழ்க்கைப் பாடமாக இருந்தது. டாலியின் வழியில் போனிபாயும் போய்விடுவானோ என்று நாவல் நம்மைப் பதறவைக்கிறது. வம்புக்கு வந்த சோஷ்கள்மேல் உடைந்த பாட்டிலை நீட்டுகிறான். அவர்கள் போனதும் குனிந்து, யார் கார் டயரையும் கிழித்துவிடக் கூடாதே என்று கண்ணாடிச் சில்லைப் பொறுக்குகிறான். அதைப் பார்த்து டூ-பிட்டுக்கு மூச்சு வருகிறது. நமக்கும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜானியும் போனிபாயும் ஒளிந்திருக்கும்போது வாசிப்பது ‘கான் வித் த விண்ட்’ என்ற நாவல். அதில் வரும் அமெரிக்கத் தென்மாநிலக் கனவான்களின் வீரத்தைப் பார்த்து ஜானி மயங்குகிறான். அந்தக் கனவான்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பது இந்த நாவலுக்குள் பேச்சாகவில்லை. இதில் முக்கியப் பாத்திரங்கள் எல்லோரும் வெள்ளையர். ஹிண்டன் வளர்ந்த டல்சாவில்தான் 1921-இல் கிரீன்வுட் என்ற கறுப்பின மக்களின் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. கிழக்கு, மேற்கு என்று ஊரைப் பிரித்துக்காட்டும் கதைக்குள் அந்தப் பிரிவினை வரவேயில்லை. அதனால் நாவல் குறைந்துபோகிறது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க ஏற்றத்தாழ்வு முழுவதையும் இதை வைத்தே புரிந்துகொண்டோம் என்று நினைத்துவிட வேண்டாம்.

8. முடித்த பிறகு

படம் பார்க்க ஆசையாக இருக்கும். கலிஃபோர்னியாவில் லோன் ஸ்டார் என்ற பள்ளியின் நூலகரும் மாணவர்களும் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தால் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்தது, 1983-இல் வந்தது. புத்தகத்துக்கு முன் பார்க்காதீர்கள். பார்ப்பதானால் 2005-இல் வந்த நீண்ட வடிவத்தைத் தேடுங்கள். முதலில் வெட்டிய வீட்டுக் காட்சிகள், சகோதரர்களுக்குள் நடக்கும் பேச்சு எல்லாம் அதில்தான் திரும்பச் சேர்ந்தன. டாரி இல்லாமல் இந்தக் கதை பாதிதான்.

எழுத விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு பயிற்சி. நாவலின் கடைசியில், மார்க் குறைந்துபோன போனிபாயிடம் ஆங்கில ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்கிறார். அவன் எழுதத் தொடங்குவது இந்த நாவலையே. நீங்கள் செர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பள்ளி வராந்தா, எதிரே போனிபாய் வருகிறான், பக்கத்தில் அவள் தோழிகள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவள் பேசினாளா இல்லையா என்பது முக்கியமில்லை. பேசினால் அவளுக்கு என்ன போகும் என்பது அந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும்.

ஹிண்டனின் அடுத்த நாவல் ‘தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்’ 1971-இல் வந்தது. போனிபாய் அதில் ஓரமாக வந்துபோவான். முதலாவதைவிட இறுக்கமான எழுத்து, கசப்பும் கூடுதல். இதை முடித்த சூட்டோடு எடுக்காமல் கொஞ்ச நாள் விட்டு எடுங்கள்.